உணர்ச்சி பொங்கும்போது நமக்கு ஏன் அழுகை வருகிறது?

துக்கம் வந்தால் கண்ணில் ஏன் தண்ணீர் வர வேண்டும், சந்தோஷத்துக்கும் ஏன் அதே தண்ணீர் வருகிறது என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுகை பக்கத்தில் இருக்கும் இன்னொரு மனிதருக்காக வருவது. "இதை என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை, கிட்டே வா" என்பதை நாம் வாய் திறப்பதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடுகிறது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கண்ணீர்ச் சுரப்பி கண்குழியின் மேல்பக்கம், புருவத்தின் வெளி ஓரத்துக்குக் கீழே இருக்கிறது. கண் காயாமல் இருக்க நாள் முழுக்க ஊறும் ஈரம் ஒரு வகை. வெங்காயம் நறுக்கும்போதும் தூசி விழும்போதும் வருவது இரண்டாவது வகை. மூன்றாவதுதான் உணர்ச்சிக் கண்ணீர். இதற்குக் கண்ணில் எதுவும் படவே வேண்டாம். மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளிலிருந்து கிளம்பும் உத்தரவு, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி, மூளைத்தண்டு வழியாக இறங்கி, முக நரம்போடு வரும் இழைகள் மூலம் சுரப்பியை எட்டுகிறது. சாதாரண நேரத்தில் கண்ணீர் மூக்கோரத்துச் சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் வடிந்துவிடும். அந்த வழி தாங்காத அளவுக்குச் சுரந்தால்தான் கன்னத்தில் இறங்கும். அழுபவர்கள் மூக்கை உறிஞ்சுவதும் இதனால்தான்.

சரி, இந்த ஏற்பாடு எதற்கு? இதைப் புரிந்துகொள்ளக் கைக்குழந்தையிடம்தான் போக வேண்டும். பிறந்த குழந்தை வீறிட்டு அழும், ஆனால் கன்னம் நனையாது. முதல் சில வாரங்கள் வெறும் சத்தம் மட்டும்தான். டார்வின் தன் குழந்தைகளிடமே இதைக் கவனித்து, 1872-ல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் கத்தி அழும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதன் பக்கவிளைவுதான் கண்ணீர், அதற்கென்று தனிப் பயன் இல்லை என்று அவர் நினைத்தார். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த மனிதர் இந்த இடத்தில் அவசரப்பட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் குழந்தை வளர வளர நடப்பது இதற்கு நேர் எதிர். சத்தம் குறைகிறது, கண்ணீர் தங்கிவிடுகிறது. பெரியவர்கள் பலர் சத்தமே இல்லாமல் அழுகிறார்கள். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் அழுகையைப் பற்றியே ஆராய்ந்த ஆட் விங்கர்ஹூட்ஸ் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். சத்தம் தாயை மட்டுமல்ல, வேட்டை விலங்கையும் எதிரியையும் கூப்பிடும். கண்ணீர் அப்படி இல்லை, முகம் பார்க்கும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். மனிதப் பிள்ளைபோல இத்தனை வருஷம் பிறரை நம்பி வளரும் உயிர் வேறு இல்லை. அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு வழி தேவைப்பட்டது, வளர்ந்த பிறகும் அது நம்மை விட்டுப் போகவில்லை. 2022-ல் ஜப்பானில் ஒரு குழு, எஜமானர் வீடு திரும்பும்போது நாயின் கண்ணில் ஈரம் கூடுவதாகக் கண்டது. ஆனால் மனம் உடைந்து தாரை தாரையாக அழுவது இதுவரை நம்மிடம்தான் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்காவில் உளவியலாளர் ராபர்ட் புரோவைனின் குழு 2009-ல் எளிமையான ஒரு சோதனை செய்தது. அழும் முகங்களின் படங்களில் கண்ணீரை மட்டும் கணினியில் அழித்துவிட்டு மக்களிடம் காட்டினார்கள். அதே முகங்கள் அவ்வளவு சோகமாகத் தெரியவில்லை. குழப்பமா, யோசனையா, கவலையா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டன. முகம் அரைகுறையாகச் சொல்வதை முழுதாக்குவது கண்ணீர்தான்.

"அழுதால் உடம்பிலுள்ள நச்சு வெளியேறும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கும் ஒரு வேர் உண்டு. 1980-களில் வில்லியம் ஃப்ரே என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் உணர்ச்சிக் கண்ணீரில் வெங்காயக் கண்ணீரைவிடப் புரதம் அதிகம் இருப்பதைக் கண்டு, மன அழுத்தப் பொருட்களை உடம்பு இப்படிக் கழிக்கிறதோ என்று கேட்டார். கேள்வி நல்லதுதான். ஆனால் சில சொட்டுகளில் எவ்வளவு வெளியேறிவிடும்? அந்தக் கருத்து உறுதிப்படவே இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் என் அப்பா. பக்கவாதம் வந்து வீடு திரும்பிய பிறகு அவர் எதற்கெடுத்தாலும் அழ ஆரம்பித்தார். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டால் அழுகை. டிவியில் ஏதோ குழந்தை சிரித்தால் அழுகை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் மனசு விட்டுட்டார் என்றார்கள். அப்பா மட்டும், வாய் கொஞ்சம் தெளிந்த பிறகு, "எனக்கு வருத்தமே இல்லப்பா, அதுவா வருது, நிறுத்த முடியல" என்றார். நரம்பியல் டாக்டர் விளக்கினார். அழுகையை நடத்தும் பகுதி மூளைத்தண்டுப் பக்கம் இருக்கிறது, அதற்கு மேலிருந்து பிரேக் போடும் நரம்புப் பாதைகள் பக்கவாதத்தில் அடிபட்டால், சின்னத் தூண்டலுக்கே முழு அழுகை வந்துவிடும் என்றார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையையே எழுதிக் கொடுத்தார். மெல்ல மெல்லக் குறைந்தது.

அப்போதுதான் சோகமும் அழுகையும் ஒன்றல்ல, இரண்டும் தனித்தனியாகவும் நடக்கும் என்பது எனக்கு உறைத்தது. ஆனால் என்னை அதைவிட அசைத்தது வேறு. இது வருத்தம் இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகும், அப்பா கண் கலங்கியதும் அம்மாவின் கை தானாக அவர் தோளுக்குப் போகும். எனக்கும் அப்படித்தான், செய்வதை விட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். காரணம் தெரிந்திருந்தும் கண்ணீரைப் பார்த்துவிட்டு எங்களால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. (உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்தவர் இப்படி அழுதால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்து இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.)

தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுவது, இழப்பது, பழைய நிலை கெட்டுப்போவது, இல்லாமல் தவிப்பது. நான்கிலும் மனிதர் தன் பலம் போதாத இடத்தில் நிற்கிறார். வலி மட்டுமே காரணமாக இருந்தால் அடிபட்டதும் அழ வேண்டும். ஆனால் விழுந்த குழந்தை பேசாமல் எழுந்து நடந்து, அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதானே ஓவென்று அழுகிறது!

அழுதால் மனசு லேசாகுமா என்றால், எப்போதும் இல்லை. ஆய்வகத்தில் சோகப் படம் பார்த்து அழுதவர்களுக்கு உடனடியாக மனநிலை இன்னும் மோசமாகத்தான் ஆனது. ஒன்றரை மணி நேரம் போன பிறகுதான் தெளிந்தது. ஆறுதல் சொல்ல ஆள் இருந்தபோது அழுதவர்கள்தான் லேசானதாக அதிகம் சொல்கிறார்கள். அவமானப்பட்டு, யாரும் கண்டுகொள்ளாமல் அழுதவர்களுக்கு அது குறைவு. துக்க வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதை நாகரிகம் இல்லாதது என்று நாம் ஒதுக்கிவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கூட அழ ஆள் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம், ஆனந்தக் கண்ணீர். அது எந்த இடங்களில் வருகிறது என்று பாருங்கள். பிரிந்தவர் திரும்பி வரும்போது, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கேட்கும்போது, கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளை தேறும்போது, மகள் கழுத்தில் தாலி ஏறும்போது. அநேகமாக எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பயமோ, நீண்ட காத்திருப்போ, ஒரு பிரிவோ இருக்கிறது. இறுக்கிப் பிடித்து வைத்திருந்த உடம்பு, இனி பயமில்லை என்றதும் தளர்கிறது, அத்தனை நாள் அழாத அழுகை அப்போது வந்துவிடுகிறது. லாட்டரியில் சின்னத் தொகை விழுந்தால் சிரிப்போம். அந்தப் பணத்தால் அடகில் இருந்த வீடு மீண்டால் அழுவோம்.