லாட் பக்கம் ஏன் திறக்கவில்லை? ஜாங்கோவில் முகவரிகளைப் பிரித்து அடுக்கும் முறை

கேள்வி: கம்பத்தில் இருந்துகொண்டு குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்காக ஜாங்கோவில் (பைதான் மொழியில் இணையதளம் கட்டும் கருவி) ஒரு தளம் செய்திருக்கிறேன். ஜீப்பில் போகும் ஆட்களின் வருகை, கூலி, காய் எடை, ஏலத்துக்குப் போகும் லாட் (ஒரே தொகுதியாக விற்கும் காய்) விவரம் எல்லாம் அதில் பதிகிறோம். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று எழுதும் யூஆர்எல் ஃபைல் 140 வரியைத் தாண்டிவிட்டது. புதிய லாட் சேர்க்கும் பக்கத்துக்குப் போனால் 404, அதாவது 'இல்லை' என்ற பிழை வருகிறது. ஆனால் அந்த வரி ஃபைலில் இருக்கத்தான் செய்கிறது. எங்கே தப்பு? இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: நீங்கள் அனுப்பிய ஃபைலைப் படித்தேன். வாசிக்க வசதியாக இங்கே முகவரிகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் ஃபைலில் 38-வது வரியில் 'லாட்/<ஸ்டிரிங்:குறி>/' இருக்கிறது. 61-வது வரியில்தான் 'லாட்/புதிய/' வருகிறது. தப்பு இந்த வரிசையில்தான்.

ஜாங்கோ மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்து, முதலில் பொருந்தும் வரியிலேயே நின்றுவிடும். கீழே இன்னும் சரியாகப் பொருந்தும் வரி இருக்கிறதா என்று தேடாது. காலையில் ஜீப் நிற்கும் இடத்தில் "எந்தத் தோட்டம்னாலும் ஏறு" என்று ஒரு வண்டி முன்னால் நின்றால், பின்னால் வண்டன்மேட்டுக்கென்றே நிற்கும் வண்டிக்கு ஆளே வராது. உங்கள் 38-வது வரி அந்த முன்வண்டி. சாய்கோடு இல்லாத எந்தச் சொல்லையும் ஸ்டிரிங் ஏற்றிக்கொள்ளும். அதனால் 'புதிய' என்பதையும் ஒரு லாட் குறியாக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் லாட்டைத் தேடி, இல்லை என்று 404 கொடுக்கிறது.

டீபக் (பிழை விவரத்தைக் காட்டும் அமைப்பு) ஆனில் இருக்கும்போது வரும் அந்த மஞ்சள் 404 பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 'ரெய்ஸ்டு பை' என்று ஒரு வரி இருக்கும். எந்த வியூ (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்) அந்தப் பிழையை எழுப்பியது என்று அதில் தெரியும். அங்கே லாட் விவர வியூவின் பெயரைப் பார்த்தால், முகவரி பொருந்தாமல் போகவில்லை, வேறு வரியில் பொருந்திவிட்டது என்று உடனே புரிந்துவிடும்.

சரி, திருத்தம். நிலையான சொல் உள்ள வரிகளை மேலே கொண்டுபோங்கள், மாறும் பகுதி உள்ளவற்றைக் கீழே வையுங்கள். லாட் குறி வெறும் எண்ணாக இருந்தால் ஸ்டிரிங்கை எடுத்துவிட்டு 'இன்ட்' போடுங்கள். அது இலக்கங்களை மட்டும்தான் ஏற்கும், 'புதிய' தானாகவே அடுத்த வரிக்குப் போய்விடும்.

அப்புறம் 140 வரி. பக்கங்களை வைத்துப் பிரிக்காதீர்கள், வேலையை வைத்துப் பிரியுங்கள். உங்களிடம் இருப்பது நான்கு வேலை: வருகை, கூலி, எடை, லாட். ஒவ்வொன்றும் தனி ஆப் (தளத்துக்குள் ஒரு தனிப் பகுதி), ஒவ்வொன்றுக்கும் தனி யூஆர்எல் ஃபைல். மேலே உள்ள முதன்மை ஃபைலில் இன்க்ளூட் போட்ட நான்கு வரியும் அட்மின் வரியும் போதும். 'லாட்/' வரை பொருந்திய பகுதியை இன்க்ளூட் வெட்டிவிட்டு, மீதியை மட்டும் உள் ஃபைலுக்கு அனுப்பும். அதனால் உள்ளே மறுபடி 'லாட்/' என்று எழுதக்கூடாது, முன்னால் சாய்கோடும் வேண்டாம். இரண்டுமே பிரிக்கும்போது வழக்கமாக வரும் தவறு.

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் டெம்ப்ளேட்களில் (பக்கங்களின் வடிவ ஃபைல்களில்) முகவரியைக் கையால் எழுதியிருக்கிறீர்கள். அதையெல்லாம் பெயர் வைத்து அழைக்கும்படி மாற்றுங்கள். ஒவ்வொரு பாத் (முகவரி) வரிக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு ஆப்பின் ஃபைலிலும் 'ஆப் நேம்'. பிறகு டெம்ப்ளேட்டில் யூஆர்எல் டேக் போட்டு 'லாட்:விவரம்' என்று கூப்பிட்டால் போதும், முகவரியை ஜாங்கோவே கட்டித் தரும். ஆப் நேம் இல்லாவிட்டால் கூலியிலும் லாட்டிலும் 'பட்டியல்' என்று பெயர் வைக்கும்போது ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும். பெயர் வைத்தபின் எந்த முகவரியை எங்கே நகர்த்தினாலும் டெம்ப்ளேட்டைத் தொட வேண்டியதில்லை.

இதில் கூலிக் கணக்கும் மாட்டியிருக்கிறது. உங்கள் கூலிப் படிவம் கடைசிச் சாய்கோடு இல்லாத முகவரிக்குப் போஸ்ட் ஆகிறது. சாய்கோட்டைச் சேர்த்து ஜாங்கோ திருப்பி அனுப்பும்போது பிரவுசர் அதைச் பக்கத்தை மட்டும் கேட்கும் சாதாரண கெட் கோரிக்கையாக்கிவிடும், நிரப்பிய விவரம் போய்விடும். டீபக் ஆனில் இருந்தால் பிழை காட்டி நிறுத்தும், சர்வரில் சத்தமே இருக்காது. ஒரு ஆளின் நாள் கூலி அப்படி விடுபட்டால் அவர் எங்கே போய்க் கேட்பார்? யூஆர்எல் டேக் போட்டால் சாய்கோடு மறக்காது. இதை இன்றைக்கே மாற்றுங்கள்.

தோட்டத்தின் பெயரைத் தமிழிலேயே முகவரியில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கும் ஆசைதான், ஜாங்கோவும் தடுக்காது. ஆனால் பெயரை முகவரிக்கேற்ற சொல்லாக மாற்றும் ஸ்லக்கிஃபை அதற்குத் தயாராக இல்லை. 'குமுளி'யைச் சும்மா கொடுத்தால் வெறுமை வரும். யூனிகோடை அனுமதித்துக் கொடுத்தால் 'கமள' என்று வரும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாக எண்ணாமல் வெட்டிவிடுகிறது. 'மேடு', 'மாடி', 'மடி' மூன்றும் 'மட' ஆகிவிடும். இரண்டு தோட்டம் ஒரே முகவரியில் மோதும். ஸ்டிரிங், இன்ட் போல முகவரி வரியில் போடும் ஸ்லக் கன்வர்ட்டரோ ஆங்கில எழுத்து, எண், இணைகோடு, அடிக்கோடு தவிர எதையும் ஏற்காது. போதாக்குறைக்கு, தமிழ் முகவரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் பெரும்பாலும் சதவீதக் குறிகளாக நீளும். 'குமுளி' கணினிக்கு 6 குறியீடு, ஒவ்வொன்றும் 9 எழுத்தாக விரிந்து மொத்தம் 54. எனவே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு சிறு குறி நீங்களே கொடுத்துவிடுங்கள். பக்கத்தின் உள்ளே பெயர் தமிழில் அழகாக இருக்கட்டும்.

மலையாளப் பதிப்பும் வேண்டும் என்றீர்கள். 'ஐ18என் பேட்டர்ன்ஸ்' முகவரிக்கு முன்னால் மொழிக் குறியைச் சேர்த்துவிடும். அதை முதன்மை ஃபைலில் மட்டும்தான் போட முடியும். மொழியைத் தேர்ந்தெடுக்கும் லொக்கேல் மிடில்வேரையும் மறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 'தோட்டம்/உரிமையாளர்/ஆண்டு/லாட்/எண்' என்று நீளமாக அடுக்கியிருக்கிறீர்கள். தோட்டம் கைமாறும், குத்தகை மாறும். மாறக்கூடியதை முகவரியில் வைக்காதீர்கள், 'லாட்/214/' போதும். ஆண்டு, தரம் போன்ற வடிகட்டல்களைக் கேள்விக்குறிக்குப் பின்னால் போடுங்கள். சில வருடங்களுக்கு முன் எடைச் சீட்டில் க்யூஆர் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு வேலை செய்தேன். பின்னால் முகவரியை மாற்றினேன், பழைய சீட்டுகளை நினைக்கவில்லை. ஒரு பெரியவர் மடித்து வைத்திருந்த சீட்டைக் கொண்டுவந்து ஸ்கேன் செய்து, வெள்ளைத் திரையைக் காட்டி, "என் காய் எங்கே தம்பி?" என்றார். அன்றிரவே பழைய முகவரிகள் அத்தனையையும் புதியவற்றுக்குத் திருப்பினேன்.

நீங்களும் பழைய வரிகளை அழிக்காமல் ரீடைரக்ட் வியூவுக்கு மாற்றுங்கள். நிரந்தரம் என்று நீங்கள் சொல்லாமல் விட்டால் அது தற்காலிகத் திருப்பம்தான், 302. ஒரு வாரம் அப்படியே ஓடட்டும். எல்லாம் சரியான இடத்துக்குப் போகிறது என்று தெரிந்தபிறகு 'பெர்மனன்ட் ட்ரூ' போடுங்கள். அப்போது வரும் நிரந்தரத் திருப்பமான 301-ஐ பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும், தவறாகப் போய்விட்டால் ஆட்களின் கைபேசியில் போய் அழிப்பது கடினம்.