கேள்வி – பதில்: நூல் அட்டைக்குள் ஒட்டிக்கிடந்த இசை

கேள்வி: இடைக்கால இங்கிலாந்தின் தேவாலயங்களில் பாடப்பட்ட பலகுரல் இசை, பெரும்பாலும் கிழிந்த தோல்தாள் துண்டுகளாகவே கிடைத்திருப்பதாகப் படித்தேன். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததுதான் இதற்குக் காரணமா?

பதில்: அது பெரிய காரணம், ஆனால் பழி முழுவதையும் அவர் தலையில் சுமத்துவது சரியாகாது. 1536 முதல் 1540 வரை மடங்கள் கலைக்கப்பட்டபோது அவற்றின் நூலகங்கள் கேட்பாரற்றுப் போயின. அவருடைய மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1549இல் வழிபாடு ஆங்கிலத்துக்கு மாறியது. பழைய லத்தீன் வழிபாட்டு நூல்களை ஒப்படைத்து அழித்துவிட வேண்டுமென்று 1550இல் சட்டமும் வந்தது. மடங்களைக் கடுமையாக வெறுத்த சமயச் சீர்திருத்தவாதியான ஜான் பேல் கூட, மடத்து ஏடுகள் மளிகைக்காரர்களுக்கும் சோப்பு விற்பவர்களுக்கும் விலைபோனதையும், விளக்குத்தண்டு துலக்கவும் காலணி துடைக்கவும் பயன்பட்டதையும், கப்பலேறி அயல்நாட்டு நூல் கட்டுநர்களிடம் போய்ச் சேர்ந்ததையும் 1549இல் மனம் நொந்து பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் பலகுரல் இசை ஏடுகளுக்கு அழிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒற்றைக் குரலில் பாடும் மரபுப் பாடல்கள் பல நூற்றாண்டுகள் மாறாமல் பயன்பட்டன. பலகுரல் இசையின் பாணியோ இரண்டு மூன்று தலைமுறைகளில் பழசாகிவிடும். சுரங்களின் கால அளவை எழுதிக் காட்டும் முறையும் அதனோடு மாறியதால், 13ஆம் நூற்றாண்டின் ஏடு 15ஆம் நூற்றாண்டுப் பாடகருக்குப் பயன்படவில்லை. தோல்தாள் விலை மிகுந்தது, எளிதில் கிழியாதது. ஆகவே பாடப்படாத ஏட்டைப் பிரித்து, வேறு நூல்களின் அட்டைக்கு உள்தாளாக ஒட்டினார்கள். அப்படி அட்டைகளிலிருந்து மீட்ட தாள்களில் புகழ்பெற்றவை ‘வூஸ்டர் துண்டுகள்’. வூஸ்டர் பேராலயத்தைச் சேர்ந்த மடத்தில் வழங்கிய இசையின் இந்த மிச்சங்கள் இன்று வூஸ்டரிலும் ஆக்ஸ்போர்டிலும் லண்டனிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒட்டுத்தாளாக ஆகாமல் நூலாகவே இருந்திருந்தால் 1550ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவை தப்பியிருக்குமா என்பது ஐயமே.

கேள்வி: ஒரே ஒரு தாள் கிடைத்தால் அதிலிருந்து ஒரு பாடலை மீட்டெடுக்க முடியுமா?

பதில்: குரல்களை ஏட்டில் எப்படி அடுக்கி எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது அது. எல்லாக் குரல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் சொற்களை ஒருமுறை மட்டும் இடும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தது. அவ்வகைத் தாள் ஒன்று கிடைத்தாலும் பாடலின் ஒரு பகுதி எல்லாக் குரல்களோடும் முழுமையாகக் கேட்கும். மற்றொரு முறையில், விரித்த நூலின் இடப்பக்கத்தில் சில குரல்களும் வலப்பக்கத்தில் மற்றவையும் தனித்தனியாக எழுதப்படும். அந்த ஏட்டிலிருந்து ஒரு தாள் மட்டும் தப்பினால், அதன் முன்பக்கம் ஒரு பாடலின் வலப்பாதியாகவும் பின்பக்கம் அடுத்த பாடலின் இடப்பாதியாகவும் இருக்கும். இரண்டு பாடல்கள் கையில் இருந்தும் ஒன்றும் முழுதாகத் தேறாது.

இதோடு கட்டுநரின் கைவேலையும் சேர்ந்துகொள்கிறது. பெரிய தாளைச் சிறிய நூலின் அளவுக்கு வெட்டும்போது மேல்வரியிலுள்ள குரல் அப்படியே போய்விடும். தையல் ஊசியின் துளை சுரக்குறியின் நடுவே விழுந்திருக்கும். தாள் பக்கவாட்டில் திருப்பி ஒட்டப்பட்டிருந்தால், சிவப்புக் கோடுகளும் கறுப்புச் சதுரக் குறிகளும் நூலின் எழுத்துக்குக் குறுக்கே செங்குத்தாக நிற்கும். சில இடங்களில் தாளே உரிந்து போயிருக்க, பசையோடு மை மட்டும் அட்டையின் மரப்பலகையில் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். அதைப் படமெடுத்துத் திருப்பிப் போட்டுத்தான் படிக்க வேண்டும். மங்கிய மையைப் புற ஊதா ஒளி ஓரளவு காட்டும். 1998இல் தொடங்கிய ‘டயம்’ என்னும் இடைக்கால இசைப் பட ஆவணகம் இத்தகைய தாள்களை உயர்தரப் படங்களாக்கி, கறையையும் மேலெழுத்தையும் கணினியில் விலக்கிப் படிக்க வழிசெய்திருக்கிறது. அதே பாடலின் வேறு பிரதி எங்கேனும் இருந்தால் இடைவெளியை நிரப்பலாம். இல்லையேல் பதிப்பாசிரியர் தாமே இயற்றி நிரப்ப வேண்டியதுதான். அப்படி நிரப்பியதைச் சிறிய சுரக்குறிகளாலோ அடைப்புக்குறியாலோ வேறுபடுத்திக் காட்டாத பதிப்பை நான் நம்புவதில்லை.

கேள்வி: அழிந்தது எவ்வளவு என்று அறிய வழி உண்டா?

பதில்: மொத்தக் கணக்குக்கு வழியில்லை. ஆனால் சில ஏடுகளின் பொருளடக்கம் மட்டும் தப்பியிருக்கிறது. ரெடிங் மடத்தோடு தொடர்புடையதும் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ‘ஹார்லி 978’ என்ற எண்ணில் உள்ளதுமான 13ஆம் நூற்றாண்டுச் சுவடியில், காணாமற்போன ஓர் இசை ஏட்டின் பட்டியல் உள்ளது. அதிலுள்ள 160க்கும் மேற்பட்ட பாடல்களில் இன்று அடையாளம் காண முடிந்தவை மிகச் சிலவே. ஏறத்தாழ 1500ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஈட்டன் பாடல் ஏட்டின் கதை இதைவிட மேல்: அதன் பட்டியலில் 93 பாடல்கள், முழுமையாகவோ குறையாகவோ எஞ்சியவை 64. இழந்த பாடல்களின் பெயரும் இயற்றியவர் பெயரும் தெரிந்தும் ஒரு சுரம்கூடக் கிடைக்காத நிலை ஆய்வாளரை மிகவும் சோதிப்பது.

இன்னொரு வழி கடல் கடந்து தேடுவது. 1453இல் மறைந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் டன்ஸ்டபிளின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்ததால், அவருடைய பாடல்களை இத்தாலியில் விரும்பிப் படியெடுத்தார்கள். இன்று அவருடைய தேவாலய இசையில் பெரும்பகுதியை ட்ரென்டோ, ஆஸ்டா, மொடெனா ஆகிய நகரங்களின் சுவடிகளிலிருந்துதான் அறிகிறோம். வெளிநாடு போகாத இசையமைப்பாளர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களைத் தேட இங்கிலாந்தின் பழைய நூல் அட்டைகளையே தொடர்ந்து புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.