சிம்ஸ் 4 மோடுக்குப் பணம் வாங்கலாமா?

சிம்ஸ் 4 கணினி விளையாட்டுக்காக எட்டு மாதம் உழைத்து ஒரு நாற்காலித் தொகுப்பை மோடாக (விளையாட்டில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் கூடுதல் பொருள்) உருவாக்கி, ரசிகர்கள் படைப்பாளிகளுக்குப் பணம் தரும் பேட்ரியான் தளத்தில் வெளியிட்டதாகவும், அதன் மீது புகார் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று மோடை நிரந்தரமாகப் பூட்டி வைக்க முடியாது. சில காலம் அவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கலாம். பிறகு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும். சிம்ஸை வெளியிடும் இஏ நிறுவனம் 2022-இல் தெளிவுபடுத்திய விதி இதுதான். நன்கொடை வாங்கத் தடையில்லை.

உங்கள் நாற்காலித் தொகுப்பின் மீது புகார் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இலவசமாகும் தேதியை நீங்கள் எங்கும் எழுதாததாகத்தான் இருக்கும். உங்கள் பேட்ரியான் கணக்கிலிருந்து வெளியேறி (லாக் அவுட் செய்து), உங்கள் பழைய பதிவுகளை ஒரு புதியவரைப் போலத் திறந்து பாருங்கள். பதிவிறக்கம் பூட்டியே இருந்தால் இன்றே திறந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள், இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அந்த நாற்காலியின் முப்பரிமாண வடிவம், துணியின் வண்ணப்படம் எல்லாம் நீங்களே செய்தவையா? 2015 ஏப்ரலில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஸ்கைரிம் என்ற விளையாட்டின் மோடுகளை விற்கத் தொடங்கியபோது, ஒரு மீன்பிடி மோட் இன்னொருவரின் அசைவூட்ட வேலையைச் சார்ந்திருந்ததால் விற்பனையிலிருந்து இறக்கப்பட்டது. தன் வேலையை இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்தவர் விற்பனைக்கும் சம்மதித்தார் என்று ஆகிவிடாது. அவரிடம் எழுதிக் கேளுங்கள். ஸ்டீமின் அந்த விற்பனைத் திட்டமே சில நாள்களில் கைவிடப்பட்டது. அதில் மோட் செய்தவருக்குக் கிடைத்த பங்கு 25 சதவீதம்தான். எட்டு மாத உழைப்புக்குக் கூலி கேட்பது பேராசை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரு எச்சரிக்கை: இது சிம்ஸ் 4-க்கு மட்டும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்புக்கான மோடுகளை விற்கவே கூடாது. எந்த விளையாட்டானாலும் அதன் உரிம ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.