தீவாந்தரம் போன பெண்கள்: கேள்வி பதில்

பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குத் தீவாந்தரம் அனுப்பிய பெண் கைதிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி: எத்தனை பெண்கள், எந்தக் குற்றத்துக்காக?

1788 முதல் 1853 வரை ஏறத்தாழ 25,000 பேர். பெரும்பாலோர் மீது இருந்தது திருட்டுக் குற்றம்: ஒரு முழம் துணி, எஜமானி வீட்டுக் கரண்டி. தண்டனை 7 ஆண்டு, 14 ஆண்டு அல்லது ஆயுள். தண்டனை முடிந்தாலும் ஊர் திரும்ப அரசு கப்பல் கட்டணம் தராது என்பதால், ஏழாண்டும் பலருக்கு ஆயுளாகவே முடிந்தது.

கேள்வி: அவர்களில் பெரும்பாலோர் விலைமாதர்கள்தானே?

இல்லை. அது தீவாந்தரத்துக்குரிய குற்றமே அன்று. அதிகாரிகளின் கடிதங்களில் வரும் வசைச்சொல்லைத் தொழிலின் பெயராகப் படிக்காதீர்கள்.

கேள்வி: கப்பலில் பொழுது எப்படிப் போனது?

இங்கிலாந்தின் சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையின் குழுவினர் துணித்துண்டுகளும் ஊசி நூலும் கொடுத்தனுப்பினர். 1841-இல் டாஸ்மேனியத் தீவின் ஹோபார்ட் நகருக்குச் சென்ற 'ராஜா' கப்பலின் பெண்கள் 2,815 துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வை இன்றும் இருக்கிறது. சில தையல்கள் நேர்த்தியானவை, சில அன்றுதான் ஊசி பிடித்த கையினுடையவை.

கேள்வி: சிட்னிக்கு அருகே இருந்த பாரமட்டா பெண்கள் தொழிற்சாலை சிறையா, தொழிற்கூடமா?

இரண்டும்தான், மணப்பெண் தேடி வருவோருக்கும் அதுவே இடம். 1821-இல் திறந்த அந்தக் கட்டடத்தை வரைந்தவரும் ஒரு கைதியே: கள்ளக் கையெழுத்துக்காகத் தீவாந்தரம் வந்த கட்டடக் கலைஞர் கிரீன்வே. வீட்டு வேலைக்கு அனுப்பப்படாதோரும், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டோரும், கர்ப்பிணிகளும், மறுபடி குற்றம் செய்தோரும் ஒரே மதிலுக்குள் கம்பளி நூற்றார்கள். அவர்கள் மிகவும் அஞ்சிய தண்டனை தலைமுடியை ஒட்ட வெட்டுவது.

கேள்வி: இங்கிலாந்தில் பட்டினி கிடப்பதைவிட, வேளாவேளைக்கு உணவு கிடைத்தது மேல் அல்லவா?

அந்த உணவு குறைந்தபோது நடந்ததைப் பாருங்கள். 1827 அக்டோபரில் பாரமட்டா தொழிற்சாலையில் ரொட்டியும் சர்க்கரையும் குறைக்கப்பட, நூறு பேருக்கு மேல் கதவை உடைத்து வெளியேறினார்கள். அவர்கள் ஓடியது காட்டுக்கு அன்று. ரொட்டிக் கடைக்கும் இறைச்சிக் கடைக்கும். படைவீரர்கள் வளைத்துப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தபோதும் முந்தானையில் கட்டுவதுபோல மேலங்கியின் முன்துணியில் ரொட்டியை அள்ளி வைத்திருந்தார்கள்.

அவரே மீண்டும்: பத்திரிகை அதை அடங்காத கூட்டத்தின் கலகம் என்றுதானே எழுதியது?

எழுதியவர் வயிறு நிறைந்தவர். கலகத்துக்கு என்று கிளம்பியவர்கள் ஆயுதத்தைத் தேடியிருப்பார்கள்; இவர்கள் தேடியது படி குறைந்த பண்டங்களை. அதைக் கோரிக்கை என்று சொல்ல ஏன் இத்தனை தயக்கம்?

கேள்வி: விலைமாதர்கள் என்றுதான் நானும் படித்தேன்...

இரண்டாம் பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: அந்தமானுக்குப் போன பெண்கள்?

1858-இல் தொடங்கிய வேறொரு வரலாறு. அதைப் படித்தவர் சொல்லட்டும்.

கேள்வி: பிள்ளை பெற்றவர்களின் நிலை?

ஹோபார்ட்டின் பெண்கள் தொழிற்சாலையான காஸ்கேட்ஸில், மலையடிவாரத்து வெயில் எட்டாத ஈரக் கட்டடத்தில், கைக்குழந்தைகள் பெருமளவில் இறந்தன. பால் மறந்ததும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். மணமாகாமல் பெற்ற குற்றத்துக்காக அவளை ஆறு மாதம் குற்றவகுப்பில், அதாவது தண்டனை பெறுவோர் பிரிவில், சலவைக்கு அமர்த்துவார்கள். பிழைத்த பிள்ளை இரண்டு மூன்று வயதில் அநாதைப் பள்ளிக்குப் போகும், தாய் உயிரோடு அதே ஊரில் இருக்கும்போதே.