ஆயக்குடிக் கொய்யா இருக்கக் கிவி எதற்கு?

கேள்வி: எனக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். வளரும் வயதில் தினமும் ஆப்பிள், கிவி கொடுத்தால்தான் வைட்டமின்கள் கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எங்கள் வருமானத்துக்கு அது கட்டுப்படியாகாது. உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் காய், கனி, கீரை போதுமா?
– ஒரு வாசகி, பழனி

பதில்: போதும், சகோதரி, இரண்டு வைட்டமின்களுக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆயக்குடியில் கொய்யா கூடை கூடையாக விற்பனைக்கு வருகிறது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. பச்சைக் கிவியில் அதில் பாதிகூட இல்லை, ஆப்பிளிலோ 5 மில்லிகிராம் அளவுதான். வளர்ந்த ஆணுக்கே நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் போதும் என்பதால், நடுத்தரமான ஒரு கொய்யாவை இரண்டாக அரிந்து ஆளுக்குப் பாதி கொடுத்தாலே அன்றைய தேவை தீர்ந்துவிடும். சாப்பிடும் நேரத்தில் அரிந்து கொடுங்கள். வெட்டிய பரப்பில் காற்றுப் படப்பட இந்த வைட்டமின் குறைந்துகொண்டே போகும்.

வைட்டமின் ஏ-க்கு முருங்கைக்கீரையை விஞ்ச எளிதில் வேறொன்று கிடைக்காது. அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சத்து உடலில் சேரக் கொழுப்புத் துணை தேவை என்பதால், எண்ணெயில் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவும் நம் வீட்டுப் பொரியல் மிகப் பொருத்தமான சமையல்முறை. இலை தானே உதிரட்டும் என்று கொத்தை இரவெல்லாம் துணியில் சுற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கை வேலை மிச்சம்தான். ஆனால், வாடிய கீரையில் வைட்டமின் சி பெரிதும் குறைந்துவிடுகிறது. பறித்த அன்றே உருவி, அலசி, குறைந்த நீரில் வேகவிடுங்கள். பப்பாளியும் மாம்பழமும் கிடைக்கும் காலத்தில் அவையும் இதற்கு உதவும்.

அரிசியையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் சத்துணவு ஆராய்ச்சிக்கு வித்திட்டது, 1918-இல் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வு. தவிடு போகத் தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி உண்போருக்கு வைட்டமின் பி1 குறைந்து வருவது அந்நோய். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் அதில் ஒரு பகுதி தங்குகிறது. ஆகவே, புழுங்கல் அரிசியே நல்லது. வடித்த கஞ்சியையும் கீழே கொட்ட வேண்டாம்.

இனி அந்த இரண்டு. பி12 காய்கனிகளில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் உங்கள் வீட்டில் உண்பவற்றைத் தவறாமல் கொடுங்கள். வைட்டமின் டி-யைப் பெரும்பாலும் வெயிலே தருகிறது. பிள்ளைகள் வெளியில் ஓடி விளையாடட்டும். இவ்வளவும் கொடுத்தும் அவர்கள் சோர்ந்தே இருந்தாலோ, பொழுது சாயும் நேரத்தில் பார்வை தடுமாறினாலோ, அந்தத் தடுமாற்றம் மாலைக்கண்ணாக இருக்கக்கூடும் என்பதால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.