சாமுராய் கேம்களும் பல முடிவுகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி சேக்கிரோ என்ற கேம் பற்றியவை. மீதியில் பாதிப் பேர் எந்த மெஷினில் ஆடுகிறார்கள் என்றே எழுதவில்லை. பிஎஸ்4ஆ, பிசியா, பழைய பிஎஸ்2ஆ என்று தெரியாமல் நான் என்ன பதில் சொல்வது? அடுத்த முறை அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று, கீழே பல கேம்களின் முடிவுகளைப் பற்றிப் பேசுகிறேன். ஆடாத கேம் என்றால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: சேக்கிரோவில் கோட்டை உச்சியில் ஆந்தை என்கிற பெரியவர் ஏதோ கேட்டார், சரி என்றேன். அப்புறம் எம்மாவும் ஒரு கிழவரும் சண்டைக்கு வந்தார்கள். ஜெயித்ததும் பெயர்கள் ஓடி ஆட்டம் முடிந்துவிட்டது. பாதிதான் ஆடியது போல இருக்கிறது. டிஸ்க்கில் கோளாறா?

பதில்: டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. "ஏதோ கேட்டார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஏதோவில்தான் விஷயமே இருக்கிறது. இத்தனை நேரம் காப்பாற்றிவந்த குரோ என்ற பையனைக் கைவிடச் சொல்லி உங்கள் வளர்ப்புத் தந்தையான ஆந்தை கேட்டார், நீங்கள் படிக்காமலே பட்டனை அழுத்திவிட்டீர்கள். அதற்குப் பெயர் ஷுரா முடிவு. மொத்தம் நான்கு முடிவுகள், அதில் கதையை நடுவிலேயே அறுப்பது இது ஒன்றுதான். ஊற்றுத் தலை மாளிகை என்ற அழகான பகுதி முழுக்க உங்களுக்குப் போய்விட்டது, கடைசி பாஸும், அதாவது கடைசிப் பெரிய எதிரியும், வேறு. மறுபடி தொடங்கி, தந்தைக்கு மறுப்புச் சொல்லுங்கள். எப்போதும் சொல்வதை இன்னொரு தடவை சொல்கிறேன்: வசனத்தைப் படித்துவிட்டுப் பட்டனைத் தொடுங்கள்.

கேள்வி: மீதி மூன்று முடிவுகளையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, பொறுமை வேண்டும். சாதாரண முடிவுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். சுத்திகரிப்பு முடிவுக்கு எம்மாவும் மற்றவர்களும் பேசுவதைச் சுவரோரம் நின்று ஒட்டுக்கேட்க வேண்டும், அதன் வழியாகத் தந்தையின் மணி கிடைக்கும், அதை வைத்து ஹிராட்டா மாளிகை நினைவுக்குள் இரண்டாம் தடவை போய் ஆந்தையை அவருடைய திடகாத்திரமான வயதில் சந்திக்க வேண்டும். இதையெல்லாம் ஊற்றுத் தலைக்குப் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

திரும்பிப் போகும் முடிவுக்கு சென்போ கோயிலில் இருக்கும் அந்தத் தெய்வக் குழந்தையிடம் அடிக்கடி போய்ப் பேச வேண்டும். அவள் கையில் ஊறும் அரிசியைக் கொடுப்பாள். கொடுத்துக் கொடுத்து ஒரு கட்டத்தில் படுத்துவிடுவாள், அப்போது ஒரு சீமைப் பனிச்சைப் பழம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவள் தரும் நல்ல அரிசியைக் குரோவிடம் சேர்த்தால், அவன் உட்கார்ந்து உருண்டை பிடித்துத் தருவான். எத்தனையோ பாஸ்களை வெட்டிச் சாய்த்த கேமில் எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அந்தச் சோற்று உருண்டைதான். அப்புறம் இரண்டு பெரிய பாம்புகளின் உள்ளுறுப்புகளும் வேண்டும்.

எல்லாம் கையில் இருக்கும்போது கடைசி பாஸை வென்று, குரோவிடம் போவதற்கு முன் சேவ் ஃபைலை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். நகல் எடுத்தோமா என்று இரண்டு தடவை பாருங்கள்.

கேள்வி: சேக்கிரோ சாமுராய்தானே? நண்பன் இல்லை என்கிறான்.

பதில்: நண்பர் சொல்வது சரி. அவன் ஷினோபி, அதாவது நிஞ்சா.

கேள்வி: முராமாசா கேமில் மூன்றாவது முடிவு வரவே மாட்டேன் என்கிறது. என்னிடம் பிஎஸ்4 இருக்கிறது.

பதில்: பிஎஸ்4இல் அந்தக் கேமே கிடையாது. 2009இல் நிண்டெண்டோ வீயில் வந்தது, 2013இல் பிஎஸ் வீட்டாவில் வந்தது, அவ்வளவுதான். எதில் ஆடினாலும் பதில் ஒன்றே. மோமோஹிமேவுக்கு மூன்று, கிசுகேவுக்கு மூன்று என ஆறு முடிவுகள். கடைசிச் சண்டைக்குப் போகும்போது எந்த வாளை அணிந்திருக்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. மூன்றாவதுக்கு எல்லா வாள்களையும் வார்த்து முடித்துக் கிடைக்கும் இறுதி வாள் வேண்டும். இருவருடைய கதையையும் ஆடாமல் அது கைக்கு வராது.

கேள்வி: புஷிடோ பிளேடில் எதிரியை முதுகில் வெட்டினேன், ஜெயித்தேன், கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஏன்?

பதில்: முதுகில் வெட்டியதால்தான். 1997லேயே அப்படி ஒரு கேம் செய்தார்கள். ஒரே வெட்டில் ஆள் விழுவான், ஆனால் விழுந்தவனையோ திரும்பி நிற்பவனையோ வெட்டினால் நீ வீரன் இல்லை என்று கதை அங்கேயே நின்றுவிடும். இன்று அந்தத் துணிச்சல் யாருக்கும் இல்லை.

கேள்வி: கோஸ்ட் ஆஃப் சுஷிமாவுக்கு இரண்டு முடிவுகள், ட்ரெக் டு யோமிக்கு மூன்று. நீங்கள் எப்போது பார்த்தாலும் வே ஆஃப் த சாமுராயையே புகழ்கிறீர்கள். அதற்கும் ஆறு முடிவுதானே, பெரிய வித்தியாசம் என்ன?

பதில்: இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வராது.

முதலில் சுஷிமா. நான் மிகவும் நேசிக்கும் கேம் அது. 1274இல் மங்கோலியர் தீவில் இறங்குகிறார்கள், ஜின் என்ற சாமுராய் ஒளிந்து குத்தும் பேயாக மாறுகிறான், அவனை வளர்த்த தாய்மாமன் ஷிமுரா அதை மன்னிக்கவில்லை. கடைசியில் சிவந்த இலைகள் உதிரும் இடத்தில் மாமனும் மருமகனும் மோதுகிறார்கள், மாமன் விழுகிறார், அப்போது கேம் கேட்கிறது: கொல்கிறாயா, விடுகிறாயா? அந்தக் காட்சியில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காட்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதைக் கிளைக்கதை, அதாவது நாம் எடுக்கும் முடிவால் பிரிந்து போகும் கதை, என்று சொல்லாதீர்கள். நான் ஐம்பது மணி நேரம் ஆடியவன். முதல் ஆட்டத்தில், முடிந்த இடத்திலெல்லாம் ஒளியாமல், முகாமின் வாசலுக்கே போய் நின்று, எதிரியை நேருக்கு நேர் அழைத்துச் சண்டை போட்டேன். அதைக் கேம் கணக்கிலேயே எடுக்கவில்லை. கதை எந்த இடத்தில் விஷத்தைக் கையில் கொடுக்க வேண்டுமோ அந்த இடத்தில் கொடுத்தது, மாமன் அதே வசனத்தைத்தான் சொன்னார். ஐம்பது மணி நேரம் ஒரே ரோடு, கடைசி வாசலில் மட்டும் இரண்டு கதவு. ட்ரெக் டு யோமியும் கிட்டத்தட்ட அப்படித்தான், அங்கங்கே ஒரு கேள்வி, மற்றபடி நேர் கோடு. கறுப்பு வெள்ளையில் அவ்வளவு அழகாகச் செய்துவிட்டு இதை விட்டுவிட்டார்களே என்று எனக்கு வருத்தம்தான்.

இப்போது 2002இல் பிஎஸ்2க்கு வந்த வே ஆஃப் த சாமுராயைப் பாருங்கள். அக்வையர் என்ற சிறிய நிறுவனம் செய்தது. வருடம் 1878. வாள் தரிக்கத் தடை வந்து இரண்டு வருடம், சாமுராய்களின் சாட்சுமா கிளர்ச்சி தோற்று ஒரு வருடம். அதாவது சாமுராய் என்ற ஆளுக்கே வேலை இல்லாமல் போன காலம். ரொக்கோட்சு கணவாய்க்கு நடந்து வருகிறீர்கள், எதிரே ஒரு பாலம். பாலத்தின் மேல் முரடர்கள் சிலர் ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவளைக் காப்பாற்றலாம், எனக்கென்ன என்று ஒதுங்கலாம், அந்த முரடர்கள் பக்கமே சேரலாம். கேம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இதற்குப் பிறகு குரோ குடும்பம் (சேக்கிரோவின் குரோ அல்ல, வேறு), அகதாமா கூட்டம், மெய்ஜி அரசு என்று யார் பக்கம் போவீர்கள், யார் உங்களை வெட்ட வருவார்கள் என்பதெல்லாம் இப்படி எடுக்கிற முடிவுகளைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. கதை நடப்பது இரண்டே நாள். நீங்கள் ஓர் இடத்தில் நிற்கும்போது இன்னோர் இடத்தில் ஏதோ நடந்து முடிந்துவிடும், உங்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். எதுவும் வேண்டாம் என்று கணவாயை விட்டு நடந்து போய்விட்டாலும் அதுவும் ஒரு முடிவு.

முதல் தடவை நான் பாலத்தில் ஒதுங்கித்தான் நின்றேன். அப்புறம் கணவாயில் எங்கே போனாலும் அந்தப் பெண்ணின் நினைப்புதான். எந்தக் கதைக்காட்சியும் என்னை அழ வைக்கவில்லை, நான் செய்தது எனக்கே உறுத்தியது, அதுதான் விஷயம். முடிவுகள் ஆறா அறுபதா என்று எண்ணாதீர்கள், கிளை எந்த இடத்தில் பிரிகிறது என்று பாருங்கள்.

கேள்வி: வே ஆஃப் த சாமுராய் வரிசையில் பிசியில் எதை வாங்கலாம்?

பதில்: முதல் இரண்டும் பிசியில் இல்லை. மூன்றும் நான்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் உண்டு. நான் மூன்றைச் சொல்வேன். போர்க்காலம், அமானா என்ற கற்பனை நாடு, இருபதுக்கு மேல் முடிவுகள். முக்கியமாக, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் வாளை உருவலாம், இல்லையென்றால் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம், கதை அதற்கேற்ப வளையும். வாளின் பின்புறத்தால் அடித்தால் ஆள் சாகாமல் விழுவார், பெயர் உள்ள ஆட்களிடம் இதை மறக்காதீர்கள். நான்காவது 1855இல், அமெரிக்காவின் கறுப்புக் கப்பல்கள் வந்து இரண்டு வருடம் கழித்து, ஆங்கிலேயர் வந்து இறங்கிய துறைமுக ஊரில் நடக்கிறது. கதைக்களம் நன்றாக இருக்கும், ஆனால் விளையாட்டுத்தனம் கொஞ்சம் அதிகம். ஸ்டீமில் கட்டானா காமி என்று ஒன்றும் கண்ணில் படும், அது கிளைக்கதைக்காக வாங்க வேண்டியது அல்ல.

கேள்வி: வே ஆஃப் த சாமுராயில் நன்றாகத் தீட்டி வைத்திருந்த வாள், நான் செத்ததும் காணாமல் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. செத்தால் கையில் இருந்தது போச்சு, உயிரோடு கதையை முடித்தால்தான் வாள் உங்களுடையது. நானும் ஒன்றை இப்படித் தொலைத்திருக்கிறேன், ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. நல்ல வாளை எடுத்துக்கொண்டு தெரியாத கிளைக்குள் போகாதீர்கள். இன்னொன்று, எதிரியின் ஒவ்வொரு வெட்டையும் தடுத்துக்கொண்டே இருந்தால் வாள் முறியும். முறியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரைஸ் ஆஃப் த ரோனினில் ஷோகுன் பக்கம் போய்விட்டேன். எதிர்ப்பாளர் பக்கத்தைப் பார்க்க முதலிலிருந்து ஆட வேண்டுமா?

பதில்: வேண்டாம். வீட்டிலிருந்தே பழைய மிஷன்களுக்குத் திரும்பிப் போய் வேறு சாய்ஸ் எடுத்து ஆட வசதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உலகமே மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உண்மை வரலாற்றின் மேல் கட்டிய கதை. நீங்கள் யார் பக்கம் நின்றாலும் 1868இல் ஷோகுனின் எடோ கோட்டை கைமாறத்தான் போகிறது. ரியோமா போன்ற வரலாற்று ஆட்களோடு எந்த அளவு நெருங்குகிறீர்கள், யாரை எதிர்த்து நிற்கிறீர்கள் என்பதுதான் மாறும். அந்த எல்லைக்குள் நல்ல வேலைதான்.

கேள்வி: ஒனிமுஷா 2இல் கூட்டாளிகளுக்குப் பொருள் கொடுப்பதால் ஏதாவது பயன் உண்டா, இல்லை காசு வீணா?

பதில்: கதையே அதில்தான் கிளை பிரிகிறது. யாரிடம் நெருக்கம் அதிகமோ அவர் உங்களுக்கு ஆபத்து நேரத்தில் வந்து நிற்பார், காட்சிகளும் மாறும். ஆளைப் பார்த்துக் கொடுங்கள். எகேய்க்கு மது என்றால் போதும், மகோயிச்சியிடம் அதைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள், அவருக்குப் புத்தகம் பிடிக்கும். 2025இல் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள், அதையே வாங்குங்கள்.

கேள்வி: வெட்டுக்குத்து எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்தக் காலத்துக் கதை பிடிக்கும். எனக்கு ஏதாவது இருக்கிறதா?

பதில்: ஹகுவோகி. 2008இல் தொடங்கிய வரிசை. படித்துக்கொண்டே போய்ச் சாய்ஸ் எடுக்கும் கேம். 1864இல் அப்பாவைத் தேடிக் கியோட்டோவுக்கு வரும் சிசுரு என்ற பெண் ஷின்செங்குமி என்ற ஷோகுன் தரப்புப் படையின் வீரர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறாள். யாரோடு நெருங்குகிறாள் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் தனிக்கதை, தனி முடிவு. ரத்தம் இல்லாமல் இல்லை, ஆனால் நீங்கள் வாளைத் தொட வேண்டாம். சேவ் இடங்கள் நிறைய உண்டு, பிரியும் இடத்திலெல்லாம் தனித்தனியாகச் சேவ் போடுங்கள்.

கேள்வி: எல்லா முடிவுகளையும் காட்டும் வழிகாட்டி வீடியோ எது நல்லது?

பதில்: முதல் ஆட்டத்துக்கு எதுவும் நல்லதில்லை. ஒரு தடவை முட்டி மோதி நீங்களாகவே முடியுங்கள், அப்புறம் பாருங்கள். மாதா மாதம் இதைச் சொல்கிறேன், மாதா மாதம் இந்தக் கேள்வி வருகிறது.

கேள்வி: என் தம்பிக்குப் பன்னிரண்டு வயது, ஆங்கிலம் அவ்வளவாக வராது. இந்தக் கேம்களில் எதிலாவது தமிழ் சப்டைட்டில் உண்டா? அவனுக்குச் சாமுராய் என்றால் உயிர்.

பதில்: நான் இங்கே சொன்ன எதிலும் இல்லை. கிளைக்கதை கேமில் வசனம் புரியாவிட்டால் பாதி கேம் போச்சு, முதல் கேள்வி கேட்டவர் கதை தெரியுமே. சேக்கிரோவும் சுஷிமாவும் அவன் வயதுக்கு ரத்தம் அதிகம், இப்போது வேண்டாம். உங்களிடம் பழைய பிஎஸ்2 இருந்தால் வே ஆஃப் த சாமுராயை நீங்கள் முதலில் ஒரு தடவை ஆடிப் பாருங்கள், அவனுக்குக் காட்டலாம் என்று தோன்றினால் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு சுற்று இரண்டு மூன்று மணி நேரம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். சண்டையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வசனத்தை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லுங்கள். பாலம் வந்ததும் கன்ட்ரோலரை அவனிடம் கொடுத்துவிட்டு, என்ன செய்யலாம் என்று அவனிடம் கேளுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள்.