அமெரிக்காவில் பழைய தலைமுறை விமானிகளுக்கு இருந்த வேலைப் பாதுகாப்பு அப்புறம் வந்தவர்களுக்கு ஏன் இல்லை?

எல்லாம் சீனியாரிட்டி செய்யும் வேலை. எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு யாருக்கு லீவு என்பதையெல்லாம் முடிவு செய்வது, சேர்ந்த தேதிப்படி கிடைக்கும் வரிசை எண்தான். நிறுவனம் மூடினால் அந்த எண்ணும் போச்சு. 20 வருட கேப்டனும் அடுத்த நிறுவனத்தில் பட்டியலின் அடியில், துணை விமானியாகத்தான் பொதுவாகச் சேர வேண்டும்.

1978 வரை கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசே கட்டுப்படுத்தியது. பெரிய நிறுவனம் மூடுவது அபூர்வம். அன்று சேர்ந்தவர் 60 வயதில் பென்ஷனோடு வீட்டுக்குப் போகலாம் என்று நம்பினார். கட்டுப்பாடு போனதும் போட்டி முற்றியது. 1991-ல் ஈஸ்டர்ன், பான் ஆம் என்ற இரண்டு பெரிய விமான நிறுவனங்களுமே மூடின.

என்னைக் கேட்டால், 2001 வாக்கில் பணியில் இருந்தவர்கள் பாடுதான் மோசம். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2005-ல் யுனைடெட் விமான நிறுவனம் தன் பென்ஷன் திட்டத்தையே கைகழுவியது. 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கினாரே கேப்டன் சல்லன்பெர்கர், அவரே அடுத்த மாதம் நாடாளுமன்றக் குழு முன்னால், தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, பென்ஷனும் போனது என்றார். இதற்கு நடுவே 2007 டிசம்பரில் ஓய்வு வயது 65 ஆனது. மேலே இருந்தவர் நகரவில்லை. கீழே இருந்தவர் துணை விமானியின் அதே வலப்பக்க இருக்கையில் காத்துக் கிடந்தார்.

சரி, இன்றைய இளையவர்கள்? கொரோனாவுக்குப் பின் ஆள் தட்டுப்பாட்டில் சிலர் சீக்கிரமே கேப்டன் ஆனார்கள். ஆனால் 2013 முதல் துணை விமானிக்கே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். அதுவரை கடன் தவணையோடு, சின்ன விமானத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துதான் பலர் மணிக்கணக்கைச் சேர்க்கிறார்கள்.